வெட்டிய காட்சிகளைத் திருப்பித் தாருங்கள்

சீனத் தொடர்கதைகளைத் தமிழில் வெளியிடும் செயலியின் ஆசிரியர் குழுவினருக்கு,

முழு அத்தியாயங்களை எடுத்துவிட்டு, இனி 'விரைவுப் பதிப்பு' மட்டும்தான் என்று போன மாதம் அறிவித்தீர்கள். மென்பொருளை வைத்து மூன்று நான்கு அத்தியாயங்களை ஒன்றாகச் சுருக்கிவிட்டீர்கள். மொழிபெயர்த்தவர்களின் பெயர்களை முகப்பிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் வாசகர்கள் எழுதியிருந்த குறிப்புகளை அழித்துவிட்டீர்கள். இத்தனைக்கும் நீங்கள் சொன்ன காரணம் ஒரே வரி: "கதையை நகர்த்தாத காட்சிகள் நீக்கப்பட்டுள்ளன." ஆண்டுச் சந்தா கட்டிப் படிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை வாய்மூடி ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. ஏன் என்பதை, நீங்கள் வெட்டிய காட்சிகளை வைத்தே சொல்கிறேன்.

நான் தொடர்ந்து படித்துவந்த கதை எது என்று பெயர் சொல்லாமலே உங்களுக்குப் புரியும். மலைமேல் ஒரு மடம். அங்கே மூலிகைத் தோட்டத்தைப் பெருக்கும் ஓர் அநாதைப் பையன். மூத்த சீடர்கள் வாள்மேல் ஏறிப் பறக்கிறார்கள், இவன் கீழே தண்ணீர் சுமக்கிறான். மடத்து அடுக்களையில் ஒரு கிழவி. பையன் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அவனுக்கான கிண்ணம் அடுப்போரத்தில் இருக்கும். அதன்மேல் ஒரு தட்டு கவிழ்த்திருக்கும். அவள் ஒருநாளும் அன்பாகப் பேசியதில்லை. "நேரத்துக்கு வரத் தெரியாதா, உனக்காகத் தனியா விறகு எரிக்கணுமா?" என்பதுதான் அவள் வரவேற்பு. பனிக்காலத்தில் சோற்றுக்கு அடியில் ஒரு முட்டை புதைந்திருக்கும். அதைப் பற்றி அவளும் சொல்ல மாட்டாள், அவனும் கேட்க மாட்டான். ஓர் அத்தியாயத்தில் நாலு வரி, பல அத்தியாயம் தள்ளி இன்னொரு ஆறு வரி என்றுதான் அந்தக் கிழவி வந்துபோவாள். பிறகு ஒருநாள் பகைவர்கள் மடத்தைக் கொளுத்துகிறார்கள். வெளியூர் போயிருந்த பையன் திரும்பி வருகிறான். இடிந்துகிடக்கும் அடுக்களையில் அந்தக் கிண்ணம் இருக்கிறது. தட்டு கவிழ்த்தபடியே இருக்கிறது. அவன் தட்டைத் தூக்கவில்லை. அழுகிறான். அத்தியாயம் அங்கே முடிந்தது.

உங்கள் விரைவுப் பதிப்பிலும் அந்தக் கடைசிக் காட்சி இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு சண்டை வருகிறது. ஆனால் அதுவரை வந்த கிண்ணங்களில் ஒன்றுகூட இல்லை. முட்டை இல்லை. திட்டு இல்லை. இன்று புதிதாகப் படிக்க வருகிறவருக்கு, இத்தனை பேரை வெட்டிச் சாய்த்தவன் ஒரு கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து ஏன் அழுகிறான் என்று எப்படித் தெரியும்?

அம்மாவுக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சீனப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அதனால் எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: தண்ணிக்காரப் பையன், கோணவாய் மூத்தவன், சோத்துக்காரக் கிழவி. விரைவுப் பதிப்பு வந்த வாரம் நான் எதுவும் சொல்லாமல் வாசித்தேன். அம்மா நடுவில் நிறுத்தி, "ஏண்டி, அந்தச் சோத்துக்காரக் கிழவி எங்க போனா? ஊருக்குப் போயிட்டாளா?" என்று கேட்டார். அடுத்தடுத்த நாள் கேட்டுவிட்டு, "இந்தப் பையன் இப்பல்லாம் யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கிறான். அடிச்சுக்கிட்டே இருக்கான். போதும், மூடி வை" என்றார். எந்தக் கருத்துக்கணிப்பும் எடுக்காமலே உங்கள் பதிப்பில் என்ன குறைகிறது என்பதை எழுபது வயது தாண்டிய ஒரு வாசகி சொல்லிவிட்டார். ஆள் இருக்கிறான், அவனுக்குச் சுற்றம் இல்லை. சுற்றம் இல்லாதவன்மேல் நமக்கு எப்படிப் பாசம் வரும்?

உங்கள் வேலை புதியது இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் சீனாவிலேயே இது நடந்திருக்கிறது. மிங் அரசமரபுக் காலத்தில் 'நீர்க்கரை' என்ற பெருநாவல் அச்சுக்கு வந்து பரவலாக விற்றபோது, ஃபூஜியன் பகுதிப் புத்தக வியாபாரிகள் அதைச் சுருக்கி மலிவுப் பதிப்புகள் போட்டார்கள். காகிதம் மிச்சம், விலை குறைவு. ஹூ யிங்லின் என்ற அறிஞர், 1551 முதல் 1602 வரை வாழ்ந்தவர், இதைப் பார்த்து மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் தான் பார்த்த பிரதி சுவைத்துப் படிக்கும்படி இருந்தது. பிறகு அந்த வியாபாரிகள் நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த பேச்சின் குழைவையும் உணர்வு தங்கிய இடங்களையும் அடியோடு வெட்டிவிட்டார்கள். இப்போது ஊறுகாய் ஜாடியை மூடக்கூட அது லாயக்கில்லை என்பது அவர் எழுதியதன் சாரம். நிகழ்ச்சி மட்டும் மிஞ்சிய கதை என்ன கதிக்கு ஆளாகும் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

அதே நாவலில் வூ சோங் புலியைக் கொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளிடம் கொடுத்தால், 'வூ சோங் மலைமேட்டில் புலியை வெறுங்கையால் அடித்துக் கொன்றான்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். மூலத்தில் என்ன நடக்கிறது? மலையடிவாரச் சாராயக் கடையில், மூன்று கிண்ணம் குடித்தவன் மேட்டைத் தாண்ட மாட்டான் என்று எழுதிப் போட்டிருக்கிறது. வூ சோங் கடைக்காரனோடு வம்புக்கு நின்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறான். புலி இருக்கிறது, தனியாகப் போகாதே என்கிறான் கடைக்காரன். என்னைத் தங்கவைத்துக் காசு பறிக்கத்தான் இந்தக் கதை என்று இவன் கிளம்பிவிடுகிறான். கொஞ்ச தூரம் போனதும், பாழடைந்த கோயில் கதவில் அரசு முத்திரையோடு ஓர் அறிவிப்பு. அப்போதுதான் புலி உண்மை என்று தெரிகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கிறான். போனால் அந்தக் கடைக்காரன் சிரிப்பானே! அந்த ஒரே காரணத்துக்காக மேலே ஏறுகிறான். வீரத்தினால் இல்லை, மானம் போய்விடுமே என்று. இந்த ஓரிடத்தில் அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் அவன் செய்யப்போகும் நல்லதும் கொடூரமும் எல்லாம் இந்தக் குணத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

வழி நெடுக அவன் கையில் ஒரு தடி இருக்கிறது. குடிக்கும்போது தடியைச் சாத்தி வைக்கிறான், கிளம்பும்போது எடுக்கிறான், நடக்கும்போது கக்கத்தில் இடுக்குகிறான். கதை அந்தத் தடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகும். 1641இல் இந்த நாவலுக்கு வரிக்கு வரி குறிப்பு எழுதிப் பதிப்பித்த ஜின் ஷெங்தான் இதை விடாமல் கவனித்திருக்கிறார். புல்லுக்குள் ஓடும் பாம்புத் தடம் என்பதுபோல இந்த உத்திக்கு அவர் ஒரு பெயரும் தருகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. தேடிப்போனால் ஓர் இழை கிடைக்கும். அதைப் பிடித்து இழுத்தால் முழு உடம்பும் அசையும் என்கிறார். கடைசியில் புலி பாய்கிறது. வூ சோங் முழு பலத்தோடு தடியை ஓங்குகிறான். அது மரக்கிளையில் பட்டு இரண்டாக முறிகிறது. இத்தனை நேரம் அந்தத் தடியை நம்பிக்கொண்டு கூடவே நடந்துவந்த வாசகனுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். தடியைப் பற்றிய முந்தைய வரிகளை எல்லாம் 'கதையை நகர்த்தாதவை' என்று நீங்கள் எடுத்திருப்பீர்கள். அப்புறம் தடி முறிந்தால் என்ன, முறியாவிட்டால் என்ன?

புலி செத்த பிறகு வருவதுதான் எனக்கு இன்னும் பிடித்த இடம். புலியை இழுத்துப் பார்க்கிறான், கைகாலில் தெம்பே இல்லை. தள்ளாடி இறங்கும்போது புல்லுக்குள்ளிருந்து இரண்டு புலிகள் எழுந்து வருகின்றன. ஐயோ, இன்றோடு செத்தேன் என்று நடுங்கிப்போகிறான். அவை புலித்தோல் போர்த்திய வேட்டைக்காரர்கள். புலியைக் கொன்ற கையோடு நடுங்குகிறான் பாருங்கள், அதனால்தான் அவன் நானூறு ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறான். நாவலில் வரும் நூற்றெட்டு வீரர்களுக்கும் ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு குரல் என்று ஜின் ஷெங்தான் மெச்சியது இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்துத்தான். இத்தனைக்கும் அவரும் கத்தரி எடுத்தவர்தான். நாவலின் பின்பகுதியை வெட்டி எழுபது அத்தியாயத்தோடு நிறுத்தியவர். ஆனால் தடியை அவர் விட்டுவைத்தார், நடுக்கத்தையும் விட்டுவைத்தார்.

அதெல்லாம் பழைய கதை, செய்தித்தாளும் கைப்பேசியும் வந்த பிறகு வாசகருக்கு அவசரம் அதிகம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, செய்தித்தாளில் வந்ததையே பார்ப்போம். 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தினம் கொஞ்சமாக வந்தது ஜின் யோங் எழுதிய கழுகெய்த வீரர்களின் கதை. மங்கோலியப் புல்வெளியில் வளர்ந்த வெள்ளந்திப் பையன் குவோ ஜிங் முதன்முதலாகப் பெரிய ஊருக்கு வருகிறான். சாப்பாட்டுக் கடை வாசலில் அழுக்குப் பிடித்த பிச்சைக்காரப் பையன் ஒருவனைக் கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள், அவன் கையில் ஒரு ரொட்டி. காசு நான் தருகிறேன் என்கிறான் குவோ ஜிங். பிச்சைக்காரப் பையன் அந்த ரொட்டியைச் சொறிநாய்க்குப் போட்டுவிடுகிறான். பிறகு கடைக்குள் வந்து உட்கார்ந்து சாப்பாடு சொல்கிறான் பாருங்கள்: நாலு வகை உலர்பழம், நாலு வகைப் புதுப்பழம், உப்பும் புளிப்புமாக இரண்டு, தேனில் ஊறியது நாலு, அப்புறம்தான் சமைத்த பண்டங்கள். இளக்காரமாக நின்ற கடைப் பணியாளுக்கு முகம் மாறிவிடுகிறது. பேச்சு நீள்கிறது, பண்டம் ஆறிவிடுகிறது, எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொண்டு வரச் சொல்கிறான் அவன். குவோ ஜிங் கணக்குப் பார்க்கவே இல்லை. பாலைவனத்தில் பருந்து வேட்டையாடிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கிளம்பும்போது குளிருமே என்று தன் ரோமக் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான், பொன்னும் கொடுக்கிறான். பிச்சைக்காரப் பையன் அவனைச் சோதிப்பதற்காக, உன் குதிரையைத் தருவாயா என்கிறான். யாருக்கும் கிடைக்காத குதிரை அது. எடுத்துக்கொள் என்கிறான் குவோ ஜிங். கேட்டவன் மேசையில் கவிழ்ந்து விம்மி அழுகிறான். அவன் பையனே இல்லை, வீட்டைவிட்டு ஓடிவந்த ஹுவாங் ரோங் என்ற பெண் என்பது பின்னால்தான் தெரியும்.

இந்தக் காட்சியில் சண்டை இல்லை, ரகசியம் எதுவும் வெளிப்படவில்லை, யாரும் சாகவில்லை. உங்கள் அளவுகோலில் இது முழுக்க நீக்க வேண்டிய காட்சி. ஆனால் உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? வசதியான வீட்டில் வளர்ந்தவள் என்பது அவள் வாயிலிருந்து வரும் சாப்பாட்டுப் பட்டியலிலேயே தெரிகிறது. யாராவது தன்னைத் தனக்காகவே மதிப்பார்களா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தது கடைசி அழுகையில் தெரிகிறது. அவன் கணக்குப் பார்க்காதவன் என்பதை ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை, செய்துகாட்டுகிறார். பின்னால் உயிரைக் கொடுத்தாவது இவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவார்கள் என்பதை வாசகர் நம்புகிறாரே, அந்த நம்பிக்கை இந்தச் சாப்பாட்டு மேசையில் முளைத்தது. இன்னும் தள்ளிப் போனால், பிச்சைக்காரர் சங்கத் தலைவர் ஹோங் சீகோங் தன் பேர்பெற்ற பதினெட்டு உள்ளங்கை அடிகளைக் குவோ ஜிங்குக்குச் சொல்லிக்கொடுப்பதே ஹுவாங் ரோங்கின் சமையலுக்கு மயங்கித்தான். பன்றித்தொடையில் இருபத்துநாலு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் சோயாப் பாலாடை உருண்டையை வைத்து அவித்து, இறைச்சியை எறிந்துவிட்டு உருண்டையை மட்டும் பரிமாறுகிறாள். சமையல் காட்சியை வெட்டினால் வித்தை எங்கிருந்து வரும்?

இந்த வகைக் கதைகளுக்கு வெளியிலும் இதுதான் நிலை. எழுத்தாளர் லூ சுன்னின் ஆ க்யூ கதை 1921 டிசம்பரிலிருந்து 1922 பிப்ரவரி வரை பெய்ஜிங் நாளிதழின் இணைப்பில் தொடராக வந்தது. ஆ க்யூவுக்கு மரண தண்டனை விதிக்கும் முன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவனுக்கு எழுதத் தெரியாது, அப்படியானால் ஒரு வட்டம் போடு என்கிறார்கள். தரையில் குனிந்து, உயிரைக் கையில் திரட்டி, ஒழுங்கான வட்டம் போட வேண்டுமே, சிரித்துவிடுவார்களே என்று போடுகிறான். முடிக்கும் இடத்தில் கை நடுங்கி, பூசணி விதை மாதிரி கோணிப்போகிறது. சாகப்போகிற ஆளுக்கு வட்டம் கோணிவிட்டதே என்று வெட்கம்! 'ஆ க்யூ வாக்குமூலத்தில் கையெழுத்திட்டான்' என்பதுதான் அங்கே நிகழ்ச்சி. கதை அந்த வட்டத்தில் இருக்கிறது.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் பேசிவிடுகிறேன். 2003இல் ஒரு பெரிய சீன இணையத் தளம் அத்தியாயங்களுக்குக் காசு வாங்கத் தொடங்கியது. ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதன்பிறகு தினமும் ஆயிரக்கணக்கான எழுத்துகளை எழுதித் தள்ள வேண்டிய நிலைக்கு எழுத்தாளர்கள் வந்தார்கள். ஒருநாள் விட்டால் வாசகர் கேட்பார், வாசகர் போடும் மாத ஓட்டுக் குறையும், எழுத்தாளர் பட்டியலில் இறங்கிவிடுவார். அதனால் பலரும் கதையில் தண்ணீர் ஊற்றி நீட்டுகிறார்கள். சீன வாசகர்களே இதற்காக எழுத்தாளர்களோடு சண்டை போடுகிறார்கள். ஒரே சண்டையை வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கம் பக்கமாக வாய்பிளப்பது, இவன் வித்தைப் படிகளில் ஒன்றான பொற்கரு நிலைக்கு வந்துவிட்டானா என்று பத்துப் பேர் பத்துவிதமாகத் திகைப்பது, ஏற்கெனவே சொன்ன வித்தையை மறுபடி விளக்குவது, திமிர்பிடித்த பெரியவீட்டுப் பிள்ளை ஒருவன் வந்து அறை வாங்கிப்போனதும் அதே அச்சில் இன்னொருவன் வருவது. இவற்றைக் குறைத்தால் நான் மனதார வரவேற்பேன்.

நீங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. விரைவுப் பதிப்பையும் என்னிடம் இருந்த பழைய அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாய்பிளக்கும் கூட்டம் அப்படியே இருக்கிறது. அறை வாங்கும் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். சண்டை என்று அடையாளம் கண்ட எதையும் உங்கள் மென்பொருள் தொடவில்லை. போனவை எல்லாம் சாப்பாடு, நடை, மழைக்கு ஒதுங்கியபோது பேசிய பேச்சு, வேலையாட்களின் கதை. மடத்துப் பெரியவர், செத்துப்போன தன் சீடனின் செருப்பை வாசலிலேயே விட்டுவைத்திருப்பார் என்று ஒரு வரி வரும். அவர் ஏன் கதாநாயகனிடம் அத்தனை கடுமையாக நடந்துகொண்டார் என்பதற்கு அந்த வரி ஒன்றுதான் சாவி. அதுவும் போய்விட்டது. இப்போது அவர் காரணமில்லாமல் கத்தும் கிழவர். தண்ணீரை வைத்துக்கொண்டு பாலைக் கொட்டியிருக்கிறீர்கள்.

அத்தியாயங்களை ஒட்டவைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனத் தொடர்கதையின் அத்தியாய முடிவு சும்மா வந்து வாய்த்தது இல்லை. சோங் அரசமரபுக் காலத்தில் கைஃபெங், ஹாங்ஜோ நகரங்களின் கேளிக்கைக் கொட்டகைகளில் கதை சொல்லிப் பிழைத்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. பிறகு என்ன ஆயிற்று என்று தெரிய அடுத்த அத்தியாயத்தைக் கேளுங்கள் என்று பழைய நாவல்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்லும். ஓங்கிய வாளோடு நிறுத்துவது அதில் எளிய வகை. கவிழ்த்த தட்டோடு நிறுத்துவது பெரிய வகை. அடுத்த நாள் வரைக்கும் அந்தத் தட்டு நம் மனதில் கிடக்க வேண்டும் என்றுதான் ஆசிரியர் அங்கே நிறுத்தினார். நீங்கள் அதே பத்தியில் அடுத்த நாள் காலைப் பயணத்தைத் தொடங்கிவிட்டீர்கள். 'தொடரும்' என்ற சொல்லோடு ஒரு வாரம் காத்திருந்து, தொடர்கதைப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் நம் ஊரில் எத்தனை! காத்திருக்கத் தெரியாத வாசகர்கள் என்று தமிழ் வாசகர்களை நினைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாசகர் குறிப்புகளை அழித்ததும் சின்ன விஷயம் இல்லை. சிவப்பு மாளிகைக் கனவு என்ற பெருநாவல் 1791இல் அச்சாவதற்கு முன், சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளோடு கையெழுத்துப் பிரதியாகத்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் வீட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் மருமகள் வாங் சீஃபெங் முதன்முதலாகக் கதைக்குள் வரும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் இருக்கும் கூடத்தில், வெளியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்கிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் அவளுக்குள்ள அதிகாரம் நமக்குப் புரிகிறது. இப்படிப்பட்ட இடங்களை ஒருவர் கண்டு இன்னொருவருக்குக் காட்டிக்கொடுத்துத்தான் சீன நாவல் வாசிப்பே வளர்ந்தது. இன்றைய சீனச் செயலிகளில் ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் வாசகர் எழுத முடிகிறது. உங்கள் செயலியில் கிழவியின் முட்டையை முதலில் எனக்குக் காட்டியவர் முகம் தெரியாத ஒரு வாசகர்தான். நான் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பேன். அவர் எழுதியதை அழிக்க உங்களுக்கு என்ன உரிமை?

தொடர்கதையில் ஒருவர் கைவைத்தால் அது எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1965இல் ஜின் யோங் ஐரோப்பாவுக்குப் போனபோது, ஓடிக்கொண்டிருந்த தொடரை நண்பர் நீ குவாங்கிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நீ குவாங்குக்கு ஆ ஸி என்ற பெண் பாத்திரத்தைக் கண்டாலே பிடிக்காது, அவள் கண்ணைப் பறித்துவிட்டார். திரும்பி வந்த ஜின் யோங் அந்தக் குருட்டுத்தன்மையைச் சுமந்துகொண்டே மீதிக் கதையை எழுத வேண்டியதாயிற்று. அதையே பெரிய சோகமாக வளர்த்தெடுத்தது அவருடைய திறமை. உங்கள் பதிப்பில் வெட்டுப்பட்டதைச் சரிசெய்ய எந்த ஆசிரியர் வரப்போகிறார்? தான் எழுதியதில் தமிழில் எது மிச்சம் இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா? 1903இல் ஷாங்காய் இதழ் ஒன்றில் லியூ அ தன் பயணத் தொடரை எழுதினார். இதழாசிரியர்கள் அவர் எழுத்தில் கைவைத்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு தியான்ஜின் நாளிதழ் ஒன்றில்தான் கதை தொடர்ந்தது. எழுத்தாளருக்கு அந்த உரிமை அன்றே இருந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை. நீக்கிய முழு அத்தியாயங்களை, ஆசிரியர் பிரித்த இடத்திலேயே பிரித்து, மறுபடி ஏற்றுங்கள். விரைவுப் பதிப்பு வேண்டும் என்கிறவர்கள் இருந்தால் அது தனியாக இருக்கட்டும். ஆனால் கதையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது முழுப் பதிப்பாக இருக்க வேண்டும். சுருக்கிய ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் இது சுருக்கப்பட்டது என்று தெளிவாகப் போடுங்கள். மூல ஆசிரியரின் ஒப்புதல் வாங்கித்தான் சுருக்கினீர்களா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால் வாங்கும்வரை அந்தப் பதிப்பை நிறுத்திவையுங்கள். மொழிபெயர்த்தவர்களின் பெயர்களை முகப்பில் திரும்பப் போடுங்கள். அந்தக் கிழவியின் திட்டை நம் வீட்டுக் கிழவி திட்டுவதுபோலத் தமிழில் கேட்க வைத்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளர், அவருக்குப் பெயர் உண்டு. அழித்த வாசகர் குறிப்புகள் உங்கள் சேமிப்பில் இருந்தால் மீட்டெடுங்கள்.

இனிமேல் தண்ணீர் ஊற்றிய இடங்களைக் குறைக்க விரும்பினால், அதை மென்பொருளிடம் விடாதீர்கள். கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படித்த ஒரு மனிதரை உட்காரவையுங்கள். எந்த வரி பின்னால் எங்கே திரும்பி வருகிறது என்று அவருக்குத் தெரிந்த பிறகு கத்தரியைக் கையில் கொடுங்கள். அவரோடு உட்கார்ந்து படித்துச் சொல்ல எங்களில் பலர் கூலி வாங்காமல் வருவோம், நானும் வருவேன்.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். செயலியின் அறிவிப்புப் பகுதியில், சந்தாதாரர் எல்லாரும் படிக்கும்படி, அடுத்த சந்தா வசூலிக்கும் தேதிக்கு முன்னால் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருத்தி